இன்ஸ்டன்ஸின் நிபந்தனை: கம்பைலர் கேட்டால் சேர்த்துவிடுவதா?

ஹாஸ்கல் பயிலும் மாணவர் ஒருவர் தாம் வரையறுத்த தரவு வகைக்குச் சமன்பார்க்கும் இன்ஸ்டன்ஸ் எழுத முற்படும்போது, ஏறக்குறையத் தவறாமல் ஒரு பிழைச் செய்தியைச் சந்திப்பார். உறுப்பின் வகைக்கு ‘ஈக்யூ’ இன்ஸ்டன்ஸ் இல்லை என்று ஜி.எச்.சி. கம்பைலர் சொல்லும். கூடவே, இன்ஸ்டன்ஸ் அறிவிப்பின் முகப்பில் அந்த நிபந்தனையைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று ஒரு குறிப்பும் தரும். மாணவர் சேர்ப்பார், பிழை மறையும், செய்முறைத் தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கும். அந்த நிபந்தனை யாரிடம் எதைக் கேட்கிறது, அது இல்லாவிட்டால் எந்தக் கூற்று பொய்யாகும் என்ற கேள்விகள் எழாமலேயே பாடம் முடிந்துவிடும்.

கம்பைலரின் குறிப்பில் குற்றமில்லை. பெரும்பாலும் அது சரியாகவே இருக்கிறது. அதனால்தான் மாணவர் அதனை ஆராயாமல் ஏற்கப் பழகுகிறார், பழகியபின் பொருந்தாத இடத்திலும் ஏற்கிறார். இளநிலைக் கணினியியல் பாடத்திட்டத்தில், ‘இது உண்டெனில் அதுவும் உண்டு’ என்ற வடிவிலான ஒரு கூற்றை மாணவர் தம் கையாலேயே எழுதி, அதற்கான ஆதாரத்தையும் தாமே கட்டிக்கொடுத்து, அது செல்லுமா என்று அந்தக் கணமே அறிந்துகொள்ளும் இடங்கள் மிகச் சில. நிபந்தனையுடன் கூடிய இன்ஸ்டன்ஸ் அவற்றுள் ஒன்று. அதை வெறும் எழுத்திலக்கண விதியாகச் சுருக்கிக் கற்பிப்பதால் ஏற்படும் இழப்பு ஹாஸ்கல் பாடத்தோடு நிற்பதன்று.

கருத்தின் பிறப்பிலிருந்து தொடங்குவது தெளிவு தரும். 1967-இல் கோபன்ஹேகனில் நிகழ்த்திய விரிவுரைகளில் கிறிஸ்டோபர் ஸ்ட்ராச்சி, ஒரே பெயர் பல வகைகளில் இயங்கும் பல்வடிவத்தன்மையை இரண்டாகப் பிரித்தார். பட்டியலின் நீளத்தைக் காணும் சார்பு, உறுப்புகள் எவ்வகையாயினும் ஒரே விதமாக இயங்கும். கூட்டல் குறியோ முழு எண்ணுக்கு ஒரு விதமாகவும் தசம எண்ணுக்கு வேறு விதமாகவும் இயங்கும். இரண்டாவதற்குப் பொதுவிதி ஏதும் இல்லை. வகைக்கு வகை தனித்தனி ஏற்பாடுதான். அந்த ஏற்பாட்டுக்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது பிலிப் வாட்லரும் ஸ்டீஃபன் பிளாட்டும் 1989-இல் எழுதிய கட்டுரை. டைப் கிளாஸ் என்ற கருத்து அங்குதான் முன்வைக்கப்பட்டது. அதன் உள்ளியக்கத்தை அவர்கள் விளக்கிய முறை இன்றும் வகுப்பறைக்கு ஏற்றது. டைப் கிளாஸ் என்பது சில சார்புகளின் பெயர்கள் அடங்கிய ஓர் அகராதியின் வடிவம்; இன்ஸ்டன்ஸ் என்பது குறிப்பிட்ட ஒரு வகைக்காக நிரப்பப்பட்ட அகராதி; நிபந்தனையுடன் கூடிய இன்ஸ்டன்ஸ் என்பது ஓர் அகராதியைப் பெற்றுக்கொண்டு இன்னோர் அகராதியைத் தரும் சார்பு.

முழு எண்ணைச் சமன்பார்க்கும் அகராதியைக் கொடுத்தால், முழு எண்களின் பட்டியலைச் சமன்பார்க்கும் அகராதி கிடைக்கும். கிடைத்ததை மீண்டும் அதே சார்பிடம் கொடுத்தால், பட்டியல்களின் பட்டியலுக்கும் வழி பிறக்கும். நிபந்தனை எனப்படுவது அந்தச் சார்பின் உள்ளீடு, அவ்வளவே. டைப் கிளாஸ் வசதியைத் தொடாமல், சாதாரண ரெக்கார்டுகளைக் கொண்டு இந்த அகராதிகளை மாணவர்களே கையால் எழுதிப் பார்க்க ஓர் ஆய்வக வகுப்பு போதும். அதன்பின் இரட்டை அம்புக்குறி அவர்களுக்கு மந்திரமாகத் தோன்றாது.

அந்த அம்புக்குறியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இன்ஸ்டன்ஸ் அறிவிப்பில் அம்பின் இடப்புறம் இருப்பது முற்கோள், வலப்புறம் இருப்பது முடிவு. ஆனால் டைப் கிளாஸை அறிவிக்கும் இடத்தில், ‘ஈக்யூ’வை இடப்புறமும் வரிசைப்படுத்தலுக்கான ‘ஆர்ட்’டை வலப்புறமும் எழுதி அதே அம்பை நடுவில் இட்டால், பொருள் தலைகீழாகிறது. வரிசைப்படுத்த இயலும் எவ்வகையும் சமன்பார்க்கவும் இயல வேண்டும் என்பதே அங்கு கூற்று. அதாவது வலத்திலிருந்து இடத்திற்கு. ‘ஆர்ட்’ அகராதிக்குள்ளேயே ‘ஈக்யூ’ அகராதி அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மாணவருக்கு உடனே விளங்கும். இரு எதிர்த்திசைகளுக்கும் ஒரே குறியை வைத்தது ஹாஸ்கலின் வடிவமைப்புக் குறை. அதைக் குறை என்றே வகுப்பில் சொல்வது நேர்மை. ‘போகப் போகப் புரியும்’ என்று கடந்து செல்வதால், புரியாதவர் தம் அறிவின்மீதே ஐயம் கொள்கிறார்.

நியாய சாஸ்திரம் பயின்றோருக்கு இந்தத் திசைக் குழப்பம் பழக்கமானது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது செல்லும். நெருப்பு உள்ள இடத்தில் புகை உண்டு என்பது அப்படியே செல்லாது. பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகின் சேர்க்கை இருந்தால்தான் அது செல்லும். அன்னம்பட்டரின் தர்க்கசங்கிரகம் உபாதி என்று விளக்குவது இந்த ஈர விறகைத்தான். உபாதியைச் சொல்லாமல் விட்ட அனுமானம் பழுதுடையது. அதை முற்கோளிலேயே சேர்த்துச் சொன்னால் கூற்று சரியாகிவிடும். இன்ஸ்டன்ஸின் முகப்பில் எழுதப்படுவதும் அத்தகைய ஈர விறகே. இந்திய வகுப்பறையில் இந்த எடுத்துக்காட்டு அந்நியமாகத் தோன்ற வாய்ப்பில்லை. ஆயினும் நிரலாக்கப் பாடத்தில் அது எடுத்தாளப்படுவது அரிது.

இன்னொரு குழப்பம் இதனினும் ஆழமானது. எழுத்தாக மாற்றிக் காட்டக்கூடிய, அதாவது ‘ஷோ’ உள்ள, எல்லா வகைகளுக்கும் பொதுவாக ஓர் இன்ஸ்டன்ஸை மாணவர் தம் சொந்த டைப் கிளாஸுக்கு எழுதுகிறார் என்று கொள்வோர் உண்டு. எழுதுபவரும் அப்படித்தான் நினைக்கிறார். பின்னர், எண்ணுக்குரிய ‘நம்’ உள்ள வகைகளுக்கு மட்டும் வேறு முறை வேண்டுமென்று இரண்டாவதாக ஒன்றை எழுதுகிறார். ஒரே இன்ஸ்டன்ஸ் இருமுறை எழுதப்பட்டுள்ளது என்று கம்பைலர் மறுக்கிறது. நிபந்தனைகள் வேறாயிற்றே என்று மாணவர் திகைக்கிறார். விடை இதுதான்: எந்த இன்ஸ்டன்ஸ் பொருந்தும் என்று தேடும்போது அம்பின் வலப்புறத்தை மட்டுமே கம்பைலர் பார்க்கிறது. இரண்டிலும் வலப்புறத்தில் இருப்பது ‘ஏதோ ஒரு வகை’ என்ற வெற்று மாறிதான். ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகே நிபந்தனையை நிறைவேற்றச் சொல்கிறது. நிறைவேறாவிட்டால் திரும்பி வந்து வேறொன்றைத் தேடுவதில்லை. புரோலாக் பயின்றுவிட்டு வருவோர் இங்கே கூடுதலாக இடறுவர். அங்கே ஒரு விதி தோற்றால் அடுத்த விதிக்குச் செல்லும் வழக்கம் உண்டு. மாணவர் எழுதியதன் மெய்யான பொருள், ‘எல்லா வகைக்கும் இதுவே வழி, பயன்படுத்த வருபவர் ஷோவைக் கொண்டுவர வேண்டும்’ என்பதாகும்.

இந்தக் கண்டிப்புக்குத் தக்க காரணம் உண்டு. ஒரு வகைக்கு ‘ஷோ’ இல்லை என்பதை ஆதாரமாகக் கொண்டு வேறொரு இன்ஸ்டன்ஸைத் தேர்ந்தெடுக்க அனுமதித்தால், நாளை வேறொரு கோப்பில் யாரோ அந்த ‘ஷோ’வை எழுதிச் சேர்க்கும்போது, இங்கே ஓர் எழுத்தும் மாறாமலேயே நிரலின் பொருள் மாறிவிடும். இல்லாமையை ஆதாரமாக்கக் கூடாது என்ற இந்தக் கொள்கையை விளக்க வாய்ப்புள்ள வகுப்பில், நீட்சி ஒன்றை இயக்கும் வரியைக் கோப்பின் தலையில் ஒட்டிப் பிழையை அடக்கும் பழக்கமே பரவியிருக்கிறது.

நிபந்தனை மிகுந்துபோவதும் குறைந்துபோவதும் வெவ்வேறு கேடுகள். மிகுதிக்கு மாணவர் நிரல்களிலேயே சான்று கிடைக்கும். இருமத் தேடல் மரம் ஒன்றை வரையறுத்தவுடன், அதன்மேல் எழுதும் ஒவ்வொரு இன்ஸ்டன்ஸுக்கும் வரிசைப்படுத்தல் நிபந்தனையைச் சேர்த்துவிடுகிறார்கள். மரத்தை அச்சிட வரிசை எதற்கு? உறுப்புகளை அச்சிடத் தெரிந்தால் போதும். இரு மரங்களில் உள்ள உறுப்புகள் ஒன்றா என்று காணவும் வரிசைப்படுத்தல் தேவையில்லை; மரம் ஏற்கெனவே வரிசையில் இருக்கிறது, இடமிருந்து வலமாக நடந்து இரு பட்டியல்களைச் சமன்பார்த்தால் முடிந்தது. இரு மரங்களை ஒன்றாக இணைக்கும்போதுதான் வரிசை உண்மையில் தேவைப்படுகிறது. ஹாஸ்கலின் கணத்துக்கான நூலகம் இந்த வேறுபாட்டைத் துல்லியமாகப் பேணுகிறது: அச்சிட ‘ஷோ’ மட்டும், சமன்பார்க்க ‘ஈக்யூ’ மட்டும், இணைக்க ‘ஆர்ட்’. தேவையற்ற நிபந்தனை அது எழுதப்பட்ட இடத்தோடு நிற்பதில்லை. அதைப் பயன்படுத்தும் சார்பு, அந்தச் சார்பைப் பயன்படுத்தும் சார்பு என்று மேலேறிச் செல்லும். விண்ணப்பத்தோடு யாரும் படித்துப் பார்க்காத ஒரு சான்றிதழைக் கேட்கும் அலுவலகம் ஒன்று இருந்தால், அதன் பொருட்டு ஊரில் உள்ள மற்ற அலுவலகங்களிலும் வரிசை நீள்வது போன்றது இது.

இயந்திரத்திடம் விட்டாலும் இது தீர்வதில்லை. ரஸ்ட் மொழியில் நகலெடுக்கும் பண்பைத் தானாக வருவிக்கச் சொன்னால், வகை அளபுரு ஒவ்வொன்றும் நகலெடுக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று கம்பைலர் நிபந்தனை சேர்த்துவிடும். உள்ளே இருப்பது பகிர்வு எண்ணிக்கையுடன் கூடிய சுட்டியாக இருந்தாலும் அப்படித்தான். அந்தச் சுட்டியை நகலெடுப்பது எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுவது மட்டுமே, உள்ளிருக்கும் பொருள் தொடப்படுவதே இல்லை. ஆகவே அத்தகைய இடங்களில் நிரலர்கள் கையால் எழுத நேர்கிறது.

மிகையான நிபந்தனை ஒரு மொழியின் அடிப்படை நூலகத்திலேயே பல்லாண்டு நிலைத்திருந்த கதையும் உண்டு. ஹாஸ்கலின் ‘மேபி’ வகை, மதிப்பு இருக்கலாம் அல்லது ஒன்றுமில்லாதிருக்கலாம் என்பதைக் குறிப்பது. இரு மதிப்புகளை இணைக்கும் செயலும் அச்செயலுக்கு ஒரு சமனி உறுப்பும் உள்ள வகைக்கு ‘மோனாய்டு’ என்று பெயர்; சமனி இன்றி இணைக்கும் செயல் மட்டும் இருந்தால் ‘செமிகுரூப்’. ‘மேபி’யில் ‘ஒன்றுமில்லை’ என்பதே சமனியாக அமைந்துவிடுவதால், உள்ளிருக்கும் வகையிடம் சமனியைக் கேட்கவே தேவையில்லை. ஆனால் பழைய இன்ஸ்டன்ஸ் உள்வகையும் மோனாய்டாக இருக்க வேண்டும் என்று கேட்டது. கேட்டதற்குக் காரணம், நிலையான நூலகத்தில் அப்போது செமிகுரூப் என்ற டைப் கிளாஸே இல்லை; ஆவணமே அதை ஒப்புக்கொண்டிருந்தது. எல்லையற்ற முழு எண்களில் இரண்டில் பெரியதைக் கொள்ளும் செயலை எடுத்துக்கொண்டால் இழப்பு விளங்கும். அதற்குச் சமனி கிடையாது, ஏனெனில் மிகச் சிறிய முழு எண் என்று ஒன்றில்லை. வெறும் பட்டியலின் பெரும எண்ணுக்கு ‘ஒன்றுமில்லை’ என்பதே இயல்பான விடை. அந்த இயல்பான விடையைப் பழைய நிபந்தனை தடுத்துவைத்தது. 2016-இல் செமிகுரூப் நூலகத்திற்குள் வந்தது. 2018-இல் வெளியான ஜி.எச்.சி. 8.4-இல் நிபந்தனை தளர்த்தப்பட்டது. முற்கோளைச் சொல்ல ஒரு சொல் இல்லாதபோது, கையில் கிடைத்த பெரிய சொல்லால் அதைச் சொல்லவேண்டி வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

குறைவின் கேடு ஓசையின்றி வரும். சாவிக்கு மதிப்பு என்று சேமிக்கும் ‘மேப்’ வகைக்கான மோனாய்டு இன்ஸ்டன்ஸ், சாவியை வரிசைப்படுத்த முடிய வேண்டும் என்று மட்டுமே கேட்கிறது. மதிப்பிடம் எதையும் கேட்பதில்லை. ஒரே சாவி இரு பக்கமும் இருந்தால் இடப்பக்க மதிப்பை வைத்துக்கொண்டு வலப்பக்கத்தை விட்டுவிடும். இரு வாக்குச்சாவடிகளின் எண்ணிக்கையை, வேட்பாளர் பெயரைச் சாவியாகக் கொண்ட இரு ‘மேப்’களாக வைத்து, மோனாய்டின் செயலால் இணைக்கும் மாணவரை எண்ணிப் பார்க்கலாம். இரண்டாம் சாவடியின் வாக்குகள் மறைந்துபோகும். பிழைச் செய்தி வராது, எச்சரிக்கையும் வராது. மதிப்புகளும் இணைக்கத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று நிபந்தனையில் கேட்டிருந்தால், வெறும் முழு எண்ணை வைத்த நிரல் கம்பைலரைத் தாண்டியிராது. கூட்டுவதா, பெருக்குவதா என்று மாணவர் தேர்ந்திருக்க வேண்டும். ஹாஸ்கல் சமூகத்தில் நெடுங்காலமாகப் பேசப்படும் குறை இது. பழைய நிரல்கள் இன்றைய நடத்தையை நம்பியிருப்பதால் மாற்றுவது எளிதன்று. கம்பைலரின் குறிப்பை மட்டும் வழிகாட்டியாகக் கொண்டவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது. இங்கே கம்பைலர் எதையும் கேட்கவில்லை.

சரியான நிபந்தனையைக் கண்டடைவது எத்தகைய சிந்தனை என்பதற்கு ஒரு பயிற்சி. இரு சார்புகள் சமமா என்று பொதுவாகத் தீர்மானிக்க இயலாது. எனவே சார்புகளுக்கு ‘ஈக்யூ’ இல்லை என்று பாடநூல்கள் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. எந்த நிபந்தனையின்கீழ் இயலும் என்று கேட்டால் வகுப்பு உயிர்பெறும். உள்ளீட்டு வகையின் எல்லா மதிப்புகளையும் முதலிலிருந்து கடைசிவரை அடுக்கிக் காட்ட முடிந்து, வெளியீட்டு வகையைச் சமன்பார்க்கவும் முடிந்தால் இயலும். உள்ளீட்டு வகைக்குச் சமன்பார்ப்பு தேவையில்லை என்பதை முதல் முயற்சியிலேயே காண்பவர் சிலரே; பழக்கத்தால் பலர் அதையும் சேர்த்து எழுதுவர். உண்மை-பொய் வகைக்கு இந்த இன்ஸ்டன்ஸ் இரண்டே ஒப்பீடுகளில் முடியும். 64 பிட் முழு எண்ணுக்கும் நிபந்தனை நிறைவேறும். ஆனால் நொடிக்கு 100 கோடி ஒப்பீடுகள் செய்தாலும், சமமான இரு சார்புகளைச் சமம் என்று சொல்லி முடிக்க 580 ஆண்டுகளுக்கு மேலாகும். முற்கோள் நிறைவேறுவது வேறு, முடிவு பயன்படுவது வேறு.

இவையெல்லாம் ஆராய்ச்சியாளர்களின் நுண்விளையாட்டு என்று கருதுவோருக்குச் சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி நுண்செயலியைச் சுட்டலாம். அதன் வன்பொருள் விவரிப்பு பிளூஸ்பெக் மொழியில் எழுதப்பட்டது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த, 2024-இல் மறைந்த அர்விந்தும், ரிஷியூர் நிகிலும் அந்த மொழியின் வரலாற்றில் முதன்மையானவர்கள்; ஹாஸ்கலின் முதல் அறிக்கையை உருவாக்கிய குழுவிலும் இருவரும் இருந்தனர். பிளூஸ்பெக்கில் டைப் கிளாஸும் இன்ஸ்டன்ஸும் உண்டு. நிபந்தனைகளுக்கு அங்கே ‘புரோவைசோ’ என்று பெயர்; சட்ட நூல்களில் வரம்புரை என்று வருமே, அதே சொல். ஒரு மதிப்பைக் கம்பிகளின் தொகுதியாக மாற்றும் டைப் கிளாஸுக்கு ‘மேபி’யின் இன்ஸ்டன்ஸ் சொல்வது இது: உள்வகை இத்தனை பிட்டுகளில் அடங்குமாயின், அதனோடு ஒன்றைக் கூட்டிய எண்ணிக்கையில் ‘மேபி’ அடங்கும். கூடுதலான அந்த ஒரு பிட், மதிப்பு இருக்கிறதா இல்லையா என்பதற்கானது. நிபந்தனையில் எழுதிய கூட்டல் கணக்கு, சிலிக்கானில் கம்பியாக வந்து நிற்கிறது. அங்கும் கம்பைலர் விடுபட்ட வரம்புரைகளைப் பட்டியலிட்டுக் காட்டத்தான் செய்யும், ஒட்டிவிட்டு நகரலாம். எதற்காக அந்தக் கம்பி என்று பின்னர் ஒருவர் கேட்கும்போது விடை சொல்ல வேண்டியவர் ஒட்டியவரே.

முதலாண்டு மாணவருக்கு இவ்வளவு தேவையா, முதலில் நிரல் ஓடட்டும் என்பது ஆசிரியர்கள் தரப்பின் வாதம். பருவத்துக்கு ஒதுக்கப்படும் வகுப்புகள் குறைவு என்பதும், சி அல்லது பைத்தானிலிருந்து வருவோருக்கு ஹாஸ்கலின் எழுத்துமுறையே போதுமான சுமை என்பதும் உண்மை. ஆனால் நிரலை ஓடவைக்கும் பணியை இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே செய்துவிடுகின்றன. கம்பைலரின் குறிப்பை எடுத்து ஒட்டும் வேலையில் எந்த மாணவரும் அவற்றை வெல்லப்போவதில்லை. நிபந்தனை மிகையா, குறையா என்று தீர்மானிப்பது இன்னும் எழுதுபவரின் பொறுப்பிலேயே இருக்கிறது. கூடுதல் வகுப்பு ஏதும் இதற்கு வேண்டியதில்லை. தேர்வுத்தாளில் ஒரு வினாவை மாற்றினால் போதும். ‘பின்வரும் தரவு வகைக்கு இன்ஸ்டன்ஸ் எழுதுக’ என்பதை எடுத்துவிட்டு, முழுமையாக எழுதப்பட்டு, பிழையின்றி ஓடும் மூன்று இன்ஸ்டன்ஸ்களை வினாத்தாளிலேயே அச்சிடலாம். அவற்றுள் எதில் தேவைக்கு மேல் கேட்கப்பட்டுள்ளது, அதனால் எந்த வகை அநியாயமாக வெளியே நிறுத்தப்படுகிறது. எதில் கேட்க வேண்டியது கேட்கப்படவில்லை, அதனால் எந்த விவரம் சொல்லாமல் தொலைகிறது என்று கேட்கலாம். பத்து மதிப்பெண்.